மரபணுவும் செப்பேடும்: இந்திய யூதர் வரலாற்றுக் கல்வி – ஒரு திறனாய்வு

முன்னுரை

யூதர்தம் வரலாறும் பண்பாடும் சமயமும் இந்தியக் கல்லூரி மாணவர்க்குப் பெரும்பாலும் மேலைநாட்டு வரலாற்றின் ஒரு கிளையாகவே அறிமுகமாகின்றன. விவிலியக் கதைகள், இரண்டாம் உலகப்போர்க் காலத்து இன அழிப்பு, 1948-இல் உருவான இசுரேல் நாடு என்னும் மூன்று நிலைகளோடு அப்பாடம் நிறைவடைந்துவிடுகிறது. இந்நிலத்திலேயே பல நூற்றாண்டுகள் வாழ்ந்து, இம்மண்ணின் மொழிகளைப் பேசி, இம்மண்ணின் அரசர்களிடம் உரிமைகள் பெற்ற யூதர்கள் அப்பாடத்துள் இடம்பெறுவது அரிது. இடம்பெறும்போதும் அவர்கள் எங்கிருந்து வந்தனர் என்ற ஒரே வினாவே முதன்மை பெறுகிறது.

அவ்வினாவுக்கு அண்மைக்காலத்தில் விடை தர முன்வந்துள்ள துறை மரபணுவியல் ஆகும். ஐதராபாத் நகரின் உப்பல் சாலையில் அமைந்துள்ள உயிரணு மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் ஆய்வாளர்கள் பங்கேற்ற 'இந்திய யூத மக்களின் மரபணு உறவுகள்' என்னும் பொருளிலான ஆய்வுக்கட்டுரை 2016-இல் வெளிவந்தது. அவ்வாய்வின் முடிவுகளைத் தமிழ் எழுத்துச் சான்றுகளோடு ஒருங்குவைத்து நோக்குவதும், இந்திய யூதர் வரலாற்றைக் கல்லூரியில் கற்பிப்பதில் தமிழ்த்துறைக்கு உரிய இடத்தை வரையறுப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

உப்பல் ஆய்வின் கொடை

ஞானேசுவர் சௌபே முதலாசிரியராகவும், லால்ஜி சிங், குமாரசாமி தங்கராசு உள்ளிட்டோர் உடனாசிரியர்களாகவும் அமைந்த அவ்வாய்வு, கொச்சி யூதர், மும்பை யூதர் ஆகியோரின் மரபணுக்களை அவர்தம் அண்டைச் சமூகத்தாரின் மரபணுக்களோடு ஒப்பிட்டது. தந்தைவழி மட்டும் வரும் ஒய் நிறப்புரி, தாய்வழி மட்டும் வரும் இழைமணி மரபணு, இருவழியிலும் வரும் பிற நிறப்புரிகள் என மூவகைச் சான்றுகளையும் அது பயன்படுத்தியது. இந்திய யூதரிடம் மேற்காசியாவுக்கே உரிய மரபுக்கூறு சிறிய அளவில் உள்ளது என்பதும், அக்கூறு அண்டைச் சமூகத்தாரிடம் ஏறத்தாழ இல்லை என்பதும், தென்னிந்தியாவில் முதற்கலப்பு கி.பி. ஐந்தாம் நூற்றாண்டளவில் நிகழ்ந்திருக்கலாம் என்பதும் அதன் முதன்மை முடிவுகளாகும்.

இம்முடிவுகளின் மதிப்பைக் குறைத்து மதிப்பிடுதற்கில்லை. கொச்சி யூதரின் கடல்வழி வருகை பற்றிய மரபுச் செய்திகள் வெறுங் கற்பனை அல்ல என்பதற்கு அவை அரண் செய்கின்றன. அதேவேளையில், உடற்கூற்றளவில் அச்சமூகத்தார் பெரும்பகுதியும் இம்மண்ணின் மக்களே என்பதையும் அவை காட்டுகின்றன. அயலவர் என்றும் உள்நாட்டவர் என்றும் இரண்டாகப் பிரித்துப் பார்க்கும் நோக்கிற்கு இதனினும் தெளிவான மறுப்பு வேண்டுவதில்லை.

எனினும், எழுத்துப் பதிவுகளோ கல்வெட்டோ இன்மையால் இந்திய யூதரின் தோற்றமும் உறவும் விவாதத்திற்கு உரியனவாக உள்ளன என்ற கருத்தோடு அவ்வாய்வின் சுருக்கம் தொடங்குவது தமிழாய்வாளரை நின்று நோக்கச் செய்கிறது. முதல் வருகைக்கு நேர்ச்சான்று இல்லை என்ற அளவில் அக்கூற்று பொருந்தும். ஆனால் சமூகத்தின் உறவுகளைக் காட்டும் எழுத்துச் சான்று இல்லை எனக் கொள்வது பொருந்தாது. அச்சான்று தமிழ்க் கல்வெட்டியல் பயின்ற எவரும் எழுத்துக்கூட்டிப் படிக்கத்தக்க வட்டெழுத்தில் உள்ளது. அதனை மரபணுவியலார் அறியாதிருப்பது அவர்தம் குறை மட்டுமன்று. அதனைத் தன் துறை எல்லைக்கு வெளியே எடுத்துச் சொல்லாத மொழித்துறைகளின் குறையுமாகும்.

செப்பேடு உணர்த்துவன

சேர மன்னன் பாற்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் இருந்தருளியபோது யோசேப்பு ரப்பான் என்னும் யூத வணிகத் தலைவனுக்கு வழங்கிய செப்பேடு கி.பி. 1000-ஆம் ஆண்டளவைச் சார்ந்தது என்பது எம்.ஜி.எஸ். நாராயணன் முதலியோரின் முடிபு. வட்டெழுத்திலும் இடையிடையே கிரந்த எழுத்திலும் அமைந்த அதன் மொழியைத் தமிழ் என்பாரும் மலையாளத்தின் முற்பட்ட நிலை என்பாரும் உளர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டப்பட்ட பரதேசி யூதர் தொழுகைக்கூடத்தின் உடைமையாக அது காக்கப்பட்டு வந்தது. 2017-இல் இந்தியத் தலைமையமைச்சர் இசுரேல் சென்றபோது அதன் படியொன்று அந்நாட்டுத் தலைமையமைச்சருக்குப் பரிசாக அளிக்கப்பட்டது.

அஞ்சுவண்ணமும், எழுபத்திரண்டு விடுபேறுகளும், பகல்விளக்கு, பாவாடை, அந்தோளகம், குடை, வடுகப்பறை, காகளம், தோரணம், தோரணவிதானம் முதலிய சிறப்புரிமைகளும் அவனுக்கு வழங்கப்பட்டதாகச் செப்பேடு கூறுகிறது. இச்சொற்களுள் பல தமிழகக் கல்வெட்டுகளைப் பயில்வார்க்குப் புதியன அல்ல. பல்லக்கு ஏறுதலும் குடை பிடித்தலும் நடைபாவாடை விரித்தலும் அக்காலச் சமூகப் படிநிலையில் ஒருவன் நிற்கும் இடத்தைக் குறித்தன. ஆகவே வேற்றுச் சமயத்தானாகிய ஒருவன் இம்மண்ணின் மதிப்புச் சொற்களாலேயே உயர்நிலை பெற்றான் என்பது இச்செப்பேட்டின் முதற்செய்தியாகும்.

இரண்டாவது செய்தி இன்னும் நுண்ணியது. இவ்வுரிமைகள் அவனுக்கும் அவன் ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும் பெண்மக்களைக் கொண்ட மருமக்களுக்கும் வழிவழியாக உரியன எனச் செப்பேடு விரிக்கிறது. உடன்பிறந்தாள் மக்களும் மகளை மணந்தாரும் இவ்வாறு தனித்தனியே சுட்டப்படுவது சேரநாட்டுத் தாய்வழி உரிமை மரபின் சாயலுடையது. மேற்காசிய வணிகன் ஒருவனின் குடும்பத்தை இந்நாட்டு உறவுமுறைச் சொற்களால் அரசு வரையறுத்தது என்பதே இதன் பொருள். மரபணு ஆய்வு 'கலப்பு' என்னும் ஒரே சொல்லால் குறிக்கும் நிகழ்வின் சமூக உள்ளுறை இச்செப்பேட்டின் ஒரு தொடரில் வெளிப்படுகிறது.

அஞ்சுவண்ணம் என்ற சொல்லும் இங்கு நோக்கத்தக்கது. முற்காலத்து ஆய்வாளர் அதனை ஐந்து வகுப்பார் எனப் பொருள் கொண்டனர். பிற்கால ஆய்வாளர் பலர், அவை எனப் பொருள்படும் 'அஞ்சுமன்' என்ற பாரசீகச் சொல்லின் தமிழ் வடிவமாக அதனைக் கொண்டு, மேற்காசிய வணிகர் குழுவையே அது குறித்தது என்பர். கி.பி. 849-ஆம் ஆண்டைச் சார்ந்த கொல்லம் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் அஞ்சுவண்ணமும் மணிக்கிராமமும் இணைத்துப் பேசப்படுகின்றன. அதில் சான்றாளர் சிலர் கூபி எழுத்தில் அரபியிலும், சிலர் பகலவியிலும், வேறு சிலர் எபிரேய எழுத்தில் யூதப் பாரசீக மொழியிலும் கையொப்பமிட்டுள்ளனர். இராமநாதபுரம் கடற்கரைப் பகுதியிலுள்ள தீர்த்தாண்டதானபுரத்தின் 13-ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டிலும் அஞ்சுவண்ணம் இடம்பெறுகிறது, ஒய். சுப்பராயலு இச்சான்றுகளைத் தொகுத்து ஆராய்ந்துள்ளார். அஞ்சுவண்ணத்தார் அனைவரும் யூதர் அல்லர். இசுலாமியரும் கிறித்தவரும் பிறரும் அதனுள் இருந்தனர். இவ்வேறுபாட்டை உணராது, அச்சொல் வரும் இடமெல்லாம் யூதர் எனக் கொள்வது பிழைபடும்.

காலக்கணிப்பில் ஒரு மயக்கம்

கொச்சி யூதரின் மரபுவழி நம்பிக்கை அச்செப்பேட்டைக் கி.பி. 379-ஆம் ஆண்டுக்கு உரியதாகக் கொண்டது. உப்பல் ஆய்வோ முதற்கலப்பை ஐந்தாம் நூற்றாண்டில் வைக்கிறது. இரு காலங்களும் அருகருகே இருத்தலின், மரபணு மரபுச்செய்தியை மெய்ப்பித்துவிட்டது என்று மாணவர் எளிதில் முடிவு கட்டக்கூடும். இந்த இடத்தில்தான் திறனாய்வு நோக்கு இன்றியமையாததாகிறது.

முதலாவது, எழுத்தமைதியும் மொழிநடையும் மன்னனின் ஆட்சிக்காலமும் செப்பேட்டைக் கி.பி. 1000-ஆம் ஆண்டளவில் நிறுத்துகின்றன. மரபணு முடிவு எதுவாயினும் அக்காலம் முன்னோக்கி நகராது. இரண்டாவது, மரபணு அளப்பது கலப்பின் காலத்தையே அன்றி வருகையின் காலத்தை அன்று. வந்தவர் பல தலைமுறை தம்முள் மணந்திருக்கவும் கூடும். மூன்றாவது, அக்காலம் ஆண்டுகளாக நேரடியாகப் பெறப்படுவதில்லை. கலப்பு நிகழ்ந்தபின் ஒவ்வொரு தலைமுறையிலும் நிறப்புரித் துண்டுகள் குறுகிக்கொண்டே வருகின்றன. அக்குறுக்கத்தினின்று தலைமுறை எண்ணிக்கையும், அதனை ஒரு தலைமுறைக்குரிய ஆண்டளவால் பெருக்கி ஆண்டுக் கணக்கும் பெறப்படுகின்றன. 50 தலைமுறை எனக் கொண்டால், தலைமுறைக்கு 25 ஆண்டு வைப்பின் 1250 ஆண்டும், 29 ஆண்டு வைப்பின் 1450 ஆண்டும் வரும். இரண்டுக்கும் இடையே 200 ஆண்டு இடைவெளி உண்டு. நான்காவது, பல காலங்களில் தொடர்ந்து நிகழ்ந்த கலப்பை ஒரே நிகழ்வாகக் கொண்டு கணக்கிடின், கிடைக்கும் காலம் அவற்றின் இடைப்பட்ட ஒன்றாகவே அமையும்.

இதே 2016-இல் மும்பைப் பகுதியின் பெனே இசுரேலரைப் பற்றி வெளிவந்த மற்றோர் ஆய்வு, அவர்களிடையே கலப்பு ஏறத்தாழ 650 முதல் 1050 ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்ததாகக் கணித்தது. இந்திய யூதர் என்பது ஒரே வரலாறு உடைய ஒரே சமூகம் அன்று என்பதை இவ்வேறுபாடு நினைவூட்டுகிறது.

கலப்பு என்னும் சொல்லின் மறைப்பு

எண்ணாகத் தரப்படும் கலப்பு மனிதரிடையே எவ்வாறு நிகழ்ந்தது என்பதை ஆவணங்களே உரைக்கும். கெய்ரோ தொழுகைக்கூடத்தின் பழஞ்சுவடி அறையில் கிடைத்த மடல்களை எசு.டி. கோய்ட்டைன் ஆராய்ந்து வெளிப்படுத்தினார். அவற்றுள் துனிசியாவிலிருந்து வந்து 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிசு என்பாரின் ஆவணங்களும் உள. ஆசு என்னும் அடிமைப் பெண்ணுக்கு அவர் 1132-இல் மங்களூரில் விடுதலை ஆவணம் எழுதித் தந்தார். அவளே அவர்தம் மக்களின் தாயாதல் வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து. அமிதவ் கோஷ் இவ்வணிகரின் அடிமைப் பணியாளர் ஒருவரைத் தேடிச் சென்ற வரலாற்றையே 1992-இல் நூலாக்கினார்.

அடிமை நிலையும் விடுதலையும் மணமும் சமய ஏற்பும் ஒருங்கே நிகழ்ந்த இத்தகைய வாழ்வுகளைத்தான் 'கலப்பு' என்னும் அறிவியற்சொல் தன்னுள் அடக்கி நிற்கிறது. அதன் விளைவு நூற்றாண்டுகள் நீடித்தது. கொச்சிப் பரதேசி யூதரிடையே விடுவிக்கப்பட்ட அடிமைகளின் வழியினர் எனக் கருதப்பட்டோர் தொழுகைக்கூடத்தில் சம உரிமை இன்றி வைக்கப்பட்டனர். அவ்வழியில் வந்த ஆ.ப. சேலம் (1882–1967) சென்னையில் உயர்கல்வி பெற்று வழக்கறிஞரானார். காந்தியடிகளின் அறப்போர் முறையைத் தம் தொழுகைக்கூடத்திற்குள்ளேயே கையாண்டு, அவ்வேற்றுமையை எதிர்த்தார். சாதி என்னும் இந்நாட்டு அமைப்பு யூத சமயத்துள்ளும் புகுந்து நின்றதையும், அதற்கு எதிரான குரல் கல்லூரிக் கல்வி பெற்ற ஒருவரிடமிருந்து எழுந்ததையும் ஒருங்கே காட்டும் வரலாறு இது.

இதே சிக்கலின் மறுமுகம் தெலுங்கு நாட்டில் காணப்படுகிறது. குண்டூரை அடுத்த கொத்தரெட்டிப்பாலத்தில் வாழும் பெனே எப்ராயீம் சமூகத்தார் மாதிகா சமூகப் பின்புலம் உடையவர்; தெலுங்கு பேசுவோர்; தம்மை இசுரேலின் இழந்த குலங்களுள் ஒன்றைச் சார்ந்தோராகக் கொண்டு 20-ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து யூத வழிபாட்டை மேற்கொண்டு வருவோர். யூலியா எகொரோவா, சாகித் பெர்வேசு ஆகியோர் 2013-இல் வெளியிட்ட நூல் இவர்தம் கோரிக்கையைச் சாதி எதிர்ப்பின் பின்னணியில் வைத்து ஆராய்கிறது. இச்சமூகத்தாரின் மெய்ம்மையை ஆய்வுக்கூடத்தில் அளந்து அறியலாகாதா என்ற எண்ணம் இன்றைய மாணவர்க்கு எழுவது இயல்பு.

அவ்வெண்ணத்துக்கு யூத சமயச் சட்டமே விடை தருகிறது. யூதத் தாய்க்குப் பிறந்தவரும், முறைப்படி சமயம் ஏற்றவரும் யூதர் என்பது அச்சட்டம். ஏற்றவர் ஒருவரின் மரபணுவில் மேற்காசியக் கூறு சிறிதும் இல்லாதிருக்கலாம். அதனால் அவர் யூதர் அல்லர் என்று ஆகிவிடாது. இசுரேல் சென்ற பெனே இசுரேலரின் திருமணத் தகுதி ஐயுறப்பட்டபோது, 1964-இல் அவர்கள் எல்லாவகையிலும் முழு யூதரே என அந்நாட்டு அரசு அறிவித்தது ஆய்வுக்கூடச் சோதனையால் அன்று. அவர்கள் நடத்திய போராட்டத்தால் ஆகும். ஆகவே மரபணு முன்னோரைப் பற்றிச் சான்று கூறும். சமயத்தைப் பற்றியும் சமூக உறுப்புரிமையைப் பற்றியும் தீர்ப்புக் கூறாது. இவ்வெல்லையை வகுப்பறையில் தெளிவுறுத்தாவிடின், பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பிக்கும் பழைய நோக்குக்கு அறிவியல் புதிய துணையாகிவிடும்.

ஒப்பிலக்கியத்தின் எல்லை

தமிழ்த்துறைகளில் எபிரேயம் பெரும்பாலும் இருவழியில் பேசப்படுகிறது. ஒன்று, சொல்லாராய்ச்சி. விவிலியத்தில் சாலமோனின் கப்பல்கள் கொணர்ந்த பொருள்களுள் ஒன்றான 'துக்கி' என்பது தமிழ்த் 'தோகை' என்பதினின்று வந்ததாகக் கால்டுவெல் 1856-இல் எடுத்துரைத்தார். அச்சொல் மயிலையன்றிக் குரங்கினத்தைக் குறிக்கும் எகிப்தியச் சொல்லாகலாம் எனப் பிற்காலத்தில் ஆல்பிரைட்டு கருதினார். எனினும் தமிழ் மேடைகளிலும் கட்டுரைகளிலும் கால்டுவெல் கூற்று ஐயத்திற்கு இடமற்ற முடிபாகவே வழங்கி வருகிறது.

மற்றொன்று, இலக்கிய ஒப்பீடு. எருசலேம் எபிரேயப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கைம் ராபின், 1973-இல் வெளியிட்ட கட்டுரையில், உன்னதப்பாட்டில் பெண்ணின் கூற்று மேலோங்கி நிற்பதையும், பிரிவின் ஏக்கத்தையும், இயற்கைப் பின்னணியையும் சங்க அகப்பாடல்களோடு ஒப்பிட்டு, வணிகத் தொடர்பின் வழித் தமிழ்த் தாக்கம் நேர்ந்திருக்கலாம் என்றார். ஆபிரகாம் மரியசெல்வம் 1988-இல் வெளியிட்ட நூல் இவ்விரு இலக்கியங்களையும் விரிவாக ஒப்பிட்டது. இவ்வொப்பீட்டின் கவர்ச்சி பெரிது, இடர்ப்பாடும் சிறிதன்று. அகப்பாடலில் நிலமும் பொழுதும் கருப்பொருளும் உரிப்பொருளோடு முறைப்படி பிணைக்கப்பட்டவை. உன்னதப்பாட்டில் திராட்சைத் தோட்டமும் மாதுளையும் மான்கன்றும் உண்டு. ஆயின் இன்ன நிலத்துக்கு இன்ன ஒழுக்கம் என்ற திணைக்கட்டமைப்பு இல்லை. இயற்கையும் காதலும் உடன்தோன்றுதல் மட்டுமே தாக்கத்திற்குச் சான்றாகாது. காலநிரலிலும் இடர்ப்பாடு உண்டு. சங்கப் பாடல்களுக்கு ஆய்வாளர் கொள்ளும் காலத்தை நோக்க, உன்னதப்பாட்டின் ஆக்கக்காலம் முற்பட்டதாகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. தாக்கத்தை நிறுவ வேண்டின், கிடைக்கும் பாடல்களுக்கு முற்பட்டதொரு தமிழ் மரபைக் கருதிக்கொள்ள வேண்டியுள்ளது.

தாக்கம் என்ற வினாவை விடுத்து நோக்கின், வேறொரு பயனுள்ள ஒப்புமை தோன்றும். காதற்பாடலாகிய உன்னதப்பாட்டை இறைவனுக்கும் இசுரேல் மக்களுக்கும் இடையிலான அன்பாக யூத உரைமரபு கொண்டது. அகத்துறைகளால் அமைந்த திருக்கோவையாரைச் சிவனுக்கும் உயிருக்கும் இடையிலான உறவாகச் சைவ மரபு கொண்டது. இரு மரபுகளும் ஒன்றையொன்று அறியாமலே ஒரே சிக்கலுக்கு ஒத்த தீர்வு கண்டன. உரைமரபுகளின் இவ்வொப்பீடு, யார் யாருக்குக் கடன்பட்டார் என்ற வழக்கினும் ஆழமான பாடமாக அமையத்தக்கது.

கல்லூரிப் பாடமாகும் வழி

இந்தியக் கல்விநிலையங்களில் யூதவியல் முற்றிலும் புதியதன்று. மும்பையில் மறைபரப்பாளர் சான் வில்சன் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மராத்தி வழி எபிரேய இலக்கணம் வெளியிட்டார். பெனே இசுரேலரான யோசேப்பு எசக்கியேல் ராசுபுர்கர் யூத வழிபாட்டு நூல்களை மராத்தியில் பெயர்த்ததோடு, மும்பைப் பல்கலைக்கழகத்தில் எபிரேயத் தேர்வாளராகவும் விளங்கினார். அண்மைக்காலத்தில், மலையாளப் பேராசிரியர் சுகறியா சக்கறியா, ஒபிரா கம்லியேல் என்பாருடன் இணைந்து, கேரள யூதப் பெண்டிர் பாடிவந்த மலையாளப் பாடல்களைத் தொகுத்து எபிரேய மொழிபெயர்ப்புடன் 2005-இல் பதிப்பித்தார். அச்சமூகத்தார் பெரும்பாலோர் 1950-களில் இசுரேலுக்குக் குடிபெயர்ந்துவிட்ட நிலையில், முதியோர் நினைவிலும் குறிப்பேடுகளிலும் எஞ்சியிருந்த பாடல்கள் ஒரு மொழித்துறையாளரின் முயற்சியால் நிலைபெற்றன. மறுபுறம், எருசலேமில் தமிழ் கற்பித்த டேவிட் சுல்மன் 2016-இல் தமிழின் வரலாற்றை நூலாக எழுதினார்.

தமிழ்த்துறை மேற்கொள்ளத்தக்க பணியும் இத்தகையதே. புதிய பட்டப்படிப்பு தேவையில்லை. கல்வெட்டியல் தாளில் யோசேப்பு ரப்பான் செப்பேட்டையும் தரிசாப்பள்ளிச் செப்பேட்டையும் மொழி வரலாற்றுச் சான்றாக மட்டுமன்றிச் சமூக வரலாற்றுச் சான்றாகவும் பயிற்றலாம். ஒப்பிலக்கியத் தாளில் ராபினின் கட்டுரையை ஏற்கத்தக்கதாகவோ தள்ளத்தக்கதாகவோ அன்றி, ஆராயத்தக்கதாக வைக்கலாம். சென்னையின் யூதக் கல்லறைகளையும், 17-ஆம் நூற்றாண்டில் கோல்கொண்டா வைரத்தை நாடிப் புனித சார்ச்சுக் கோட்டையில் தங்கிய யூத வணிகர் வரலாற்றையும் கள ஆய்வுக்குரிய பொருளாக்கலாம். சென்னையில் 1687-இல் மறைந்த சேக்கசு தெ பைவா அத்தகைய வணிகருள் ஒருவர். அவர் நாடிய வைரம் விளைந்த நாட்டில்தான், மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின், இந்திய யூதரின் மரபணு ஆராயப்பட்டது.

நிறைவுரை

உப்பல் ஆய்வு இந்திய யூதர் வரலாற்றுக்குப் புதியதொரு சான்றுவகையைச் சேர்த்துள்ளது. முன்னோர் எத்திசையினின்று வந்தனர் என்பதையும் இம்மண்ணோடு எவ்வளவு கலந்தனர் என்பதையும் அது எண்ணளவில் கூறுகிறது. அவர்கள் எம்மதிப்போடு வரவேற்கப்பட்டனர், எச்சொற்களால் உறவாக்கப்பட்டனர், தமக்குள் யாரை விலக்கினர், விலக்கப்பட்டோர் எவ்வாறு உரிமை கேட்டனர் என்பவற்றைச் செப்பேடும் மடலும் பாட்டுமே கூறவல்லன. ஒன்றன் முடிவை மற்றொன்றன் மெய்ப்பாகக் கொள்ளாது, ஒவ்வொன்றும் விடை தரத்தக்க வினாவை வரையறுத்துக்கொள்வதே முறையான கல்வியாகும். எழுத்துச் சான்று இல்லை என்று இனி எழுதப்படாதவாறு, தன்னிடமுள்ள சான்றைப் பிற துறையார் அறியத் தருவது தமிழாய்வின் கடனாகும்.